குப்பை அள்ளினால் ஆறு புள்ளி

ஆட்டத்தில் ஜெயித்தால் 3 புள்ளி. டிரா ஆனால் 1. அணியாக வந்து தெருச் சாக்கடையைத் தூர்வாரி, குப்பையை அள்ளி அப்புறப்படுத்தினால் 6 புள்ளி. கென்யாவின் தலைநகரான நைரோபியில், மதாரே என்ற குடிசைப் பகுதியில் நடக்கும் சிறுவர் கால்பந்து லீக்கின் புள்ளிக் கணக்கு இது. எல்லா ஆட்டத்திலும் ஜெயித்துவிட்டுக் குப்பை அள்ள மட்டும் வராத அணிக்கு அங்கே கோப்பை கிடைப்பது கஷ்டம். சுமாராக ஆடினாலும் மண்வெட்டியோடு தவறாமல் வந்து நிற்கிற அணி பட்டியலில் மேலே ஏறிவிடும்.

வேலைக்காகச் சில வருடங்கள் நைரோபியில் இருந்தேன். ஆப்பிரிக்க இளைஞர்கள், தலைமைப் பண்பு, சமூக மேம்பாடு என்று யார் பேச ஆரம்பித்தாலும் எனக்கு இந்தப் புள்ளிக் கணக்குதான் முதலில் ஞாபகத்துக்கு வரும். பிள்ளைகளை உட்கார வைத்துத் தலைமைப் பண்பைப் போதிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பொறுப்பைக் கையில் கொடுத்துவிட வேண்டும். அதுவும் நிஜமான பொறுப்பாக, பிழை செய்தால் பத்துப் பேருக்குக் கோபம் வருகிற மாதிரியான பொறுப்பாக இருக்க வேண்டும். இந்த நம்பிக்கை எனக்கு வந்தது மதாரேயில்தான்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நைரோபி நகர மையத்திலிருந்து வடகிழக்கே சில கிலோமீட்டர் போனால் மதாரே ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஒரு காலத்தில் கல்குவாரிகள் இருந்த இடம். நகரத்துக் கட்டடங்களுக்கு இங்கிருந்துதான் கல் போனது. 1950களில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக மாவ் மாவ் கிளர்ச்சி நடந்தபோது கிளர்ச்சிக்காரர்களுக்கு ஆதரவான பகுதி என்று பிரிட்டிஷ் அரசு குடியிருப்புகளை இடித்துத் தள்ளியது. 1963இல் கென்யா சுதந்திரம் அடைந்த பிறகு ஜனங்கள் மறுபடி வந்து குடியேறினார்கள். 2019 கணக்கெடுப்புப்படி மதாரே துணைக் கவுண்டியில் மட்டும் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். சுற்றளவு என்று பார்த்தால் ஒரு மணி நேரத்தில் நடந்து முடித்துவிடலாம். தகரக் கூரை, தகரச் சுவர், இடையில் கை நீட்டினால் இரண்டு பக்கமும் தொடுகிற அளவுக்கு வழி, வழியின் நடுவில் சாக்கடை. ஆற்றோரத்தில் பீப்பாய்களில் சாங்கா என்ற நாட்டுச் சாராயம் காய்ச்சுவார்கள். எத்தனையோ பெண்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தது அந்த வருமானத்தில்தான்.

தீக்கா ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் முத்தைகா. கோல்ஃப் மைதானம், தூதர்களின் பங்களாக்கள், மின்வேலி போட்ட மதில்கள். முத்தைகாவில் குப்பை வண்டி வந்து போகிறது. மதாரேக்குள் மாநகராட்சியின் குப்பை வண்டி வருவதே இல்லை என்று சொல்லிவிடலாம். வண்டி நுழைய வழியில்லை என்பார்கள். வழி உள்ள இடத்துக்கும் வந்ததில்லை.

அதனால் குப்பை எல்லாம் சாக்கடைக்குள் போகும். மழை பெய்தால் சாக்கடை வீட்டுக்குள் வரும். டைஃபாய்டு, காலரா, வயிற்றுப்போக்கு எல்லாம் அந்தத் தண்ணீரோடுதான் வரும். பிள்ளைகள் விளையாடுவதும் அதே இடத்தில். பந்து வாங்கக் காசு ஏது? பிளாஸ்டிக் பைகளை உருட்டி, சணல் கயிற்றால் இறுக்கிச் சுற்றி ஒரு பந்து செய்துகொள்வார்கள். அதற்கு ஜுவாலா என்று பெயர். கென்ய அரசு 2017 ஆகஸ்டில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை போட்டது. நல்ல சட்டம், எனக்கும் அதில் சந்தோஷம்தான். ஆனால் அந்தத் தடை வந்த நாட்களில் என் நண்பருக்கு வந்த முதல் கவலை, பிள்ளைகள் இனி எதை வைத்துப் பந்து செய்வார்கள் என்பது.

அந்த நண்பரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

1987இல் பாப் மன்ரோ என்ற கனடாக்காரர், ஐக்கிய நாடுகள் சபைக்குச் சுற்றுச்சூழல் தொடர்பான ஆலோசகராக இருந்தவர், மதாரேப் பிள்ளைகள் ஜுவாலாவை உதைத்து விளையாடுவதைப் பார்த்து நின்றிருக்கிறார். பிள்ளைகள் அவரிடம் நிஜப் பந்து கேட்டார்கள், ஒழுங்கான லீக் வேண்டும் என்றார்கள். நீங்கள் ஏதாவது செய்தால் நானும் செய்கிறேன், நீங்கள் எதுவும் செய்யாவிட்டால் நானும் செய்ய மாட்டேன் என்பதுதான் அவர் வைத்த நிபந்தனை. பிள்ளைகள் செய்ய வேண்டியது, சுற்றுப்புறத்தைச் சுத்தம் செய்வது. இப்படித்தான் மதாரே இளைஞர் விளையாட்டுச் சங்கம் பிறந்தது. சுருக்கமாக மைசா. அந்த நிபந்தனைதான் இன்றைக்கும் அந்தச் சங்கத்தின் கொள்கை வாசகம்.

இதைக் கேட்டதும், ஒரு வெள்ளைக்காரர் வந்து ஏழைப் பிள்ளைகளைக் காப்பாற்றிய இன்னொரு கதை என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கும் அந்த மாதிரிக் கதைகள் பிடிக்காது. மன்ரோ நீண்ட காலம் அதில் முக்கியமான ஆளாக இருந்தார் என்பதும் உண்மை. ஆனால் அந்த லீக்கை வருடக்கணக்காக வாரா வாரம் நடத்தியது யார் என்று பார்த்தால் 13 வயதிலிருந்து 20 வயது வரையிலான மதாரேப் பிள்ளைகள். எந்த மைதானத்தில் எத்தனை மணிக்கு யாருக்கு யார் என்று அட்டவணை போடுவது, நடுவர் அனுப்புவது, புள்ளி ஏற்றுவது, புகார் விசாரிப்பது எல்லாம் அவர்கள்தான். பின்னாளில் 25,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஆடுகிற அளவுக்கு அது வளர்ந்தது. அத்தனை பேரை வைத்து ஒரு லீக் நடத்துவது எவ்வளவு பெரிய நிர்வாக வேலை என்பது ஏதாவது ஒரு டோர்னமென்ட்டை ஒருமுறை நடத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் கம்பெனிக் கிடங்கில் சரக்குக் கணக்கு பார்த்தவர்தான் நான் சொன்ன நண்பர். மதாரேயில் பிறந்து, மைசாவில் ஆடி வளர்ந்தவர். ஒரு சனிக்கிழமை காலை என்னை அழைத்துக்கொண்டு போனார். ஜூஜா ரோட்டில் மடாட்டுவை, அதாவது அந்த ஊர் மினி பஸ்ஸை, விட்டு இறங்கி, சரிவில் கீழே நடந்தோம்.

ஒரு சந்தில் 14 வயதுக்குட்பட்டவர்களின் அணி ஒன்று வேலையில் இருந்தது. மண்வெட்டிகள், இரும்பு வாரிகள், இரண்டு தள்ளுவண்டிகள். கம்பூட்ஸ் எல்லோருக்கும் போதவில்லை. பூட்ஸ் போட்டவன்தான் சாக்கடைக்குள் இறங்கலாம், மற்றவர்கள் கரையில் நின்று வாங்க வேண்டும் என்று அவர்களுக்குள் ஒரு ஒழுங்கு. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை பூட்ஸ் கால் மாறும். உள்ளேயிருந்து வந்தது கருப்புச் சேறு மட்டுமல்ல. செருப்பு அடிப்பாகங்கள், மக்காச்சோளத் தண்டு, சவுரி முடி, குழந்தைகளின் டயாப்பர்கள், உடைந்த பீங்கான். அந்த வாடையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. பையன்கள் பாட்டுப் பாடிக்கொண்டே செய்தார்கள் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் செய்தார்கள். ஆனால் நிறுத்தவில்லை.

அந்த வேலைக்குப் பொறுப்பாக நின்றது 15, 16 வயதுப் பெண் ஒருத்தி. கையில் ஒரு நீள நோட்டு. வேலை ஆரம்பிக்கும்போது ஒருமுறை தலை எண்ணினாள். முடியும்போது மறுபடி எண்ணினாள். நடுவில் நழுவிவிடுகிறவர்கள் இருப்பார்கள் அல்லவா, அதற்காக. அன்றைக்கு அந்த அணியின் கோல்கீப்பர் தாமதமாக வந்தான், முதுகில் தங்கையைத் துணியால் கட்டிக்கொண்டு. அம்மா துணி துவைக்கும் வேலைக்குப் போய்விட்டாள், பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அவனைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று கேப்டன் வாதாடினான். எதிர் அணிக்காரர்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்கள் கூடாது என்றார்கள். அந்தப் பெண் யாரையும் அதட்டவில்லை. தங்கையை இறக்கித் தன் இடுப்பில் வாங்கிக்கொண்டாள். கடைசி இரண்டு தள்ளுவண்டிக் குப்பையை லாரி நிற்கிற மேட்டுக்கு அவன் தள்ளிக்கொண்டு போய்விட்டு வரட்டும், வந்தால் பெயர் ஏறும் என்றாள். போனான், வந்தான், பெயர் ஏறியது. எதிர் அணிப் பையன்களும் ஒத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

இது சின்ன விஷயம்தான். ஆனால் நான் வேலை பார்த்த இடங்களில் மேலாளர்கள் என்று இருந்தவர்களில் எத்தனை பேர் இவ்வளவு சரியாக, இவ்வளவு சீக்கிரமாக ஒரு தீர்ப்பைச் சொல்லியிருப்பார்கள் என்று அன்றைக்கு யோசித்தேன். விதியும் மீறப்படவில்லை, அந்தப் பையனின் வீட்டு நிலைமையும் கணக்கில் வந்தது, பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் அது நியாயமாகப் பட்டது. அவளுக்கு யாரும் இதற்குப் பயிற்சி வகுப்பு நடத்தியிருக்க முடியாது. வாரா வாரம் நோட்டோடு நின்று நின்று வந்த தெளிவு அது.

இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் எனக்கு அங்கேதான் பிடிபட்டது. குப்பை அள்ளுவதைத் தனியாக ஒரு சேவை என்று வைத்திருந்தால், நல்ல பிள்ளைகள் நாலு பேர் வருவார்கள், நாலு வாரம் வருவார்கள், அப்புறம் நின்றுவிடும். மைசா அதைப் புள்ளிப் பட்டியலுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டது. வராதவனைப் பெரியவர்கள் யாரும் கண்டிக்க வேண்டியதில்லை, அவன் கூட்டாளிகளே சனிக்கிழமை காலை கதவைத் தட்டி எழுப்பிக் கூட்டி வருகிறார்கள். 6 புள்ளி என்பது இரண்டு வெற்றிக்குச் சமம். அதை யார் விடுவார்கள்?

ஆட்ட விதிகளிலும் இதே புத்தி வேலை செய்திருக்கிறது. நடுவரிடம் கேப்டன் மட்டுமே பேசலாம். சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனவன், சின்னப் பிள்ளைகளின் ஆட்டங்களுக்கு நடுவராக நின்று முடித்த பிறகுதான் திரும்ப ஆட வர முடியும். விசிலை வாயில் வைத்துக்கொண்டு 20 பொடியன்கள் ஒரே நேரத்தில் கத்துவதைச் சமாளித்துப் பார்த்தவன், அடுத்த ஆட்டத்தில் நடுவரிடம் எப்படி நடந்துகொள்வான் என்று சொல்ல வேண்டியதில்லை. மஞ்சள், சிவப்பு தவிர அங்கே பச்சை அட்டையும் உண்டு. ஆட்டத்தில் கண்ணியமாக நடந்துகொண்டவனுக்கு நடுவர் அதைக் கொடுப்பார். அதற்கும் மதிப்பு உண்டு, படிப்புக்கான உதவித்தொகைக் கணக்கில் அது சேரும்.

உதவித்தொகையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் நண்பரின் வாழ்க்கையே அதில்தான் திரும்பியது. சங்கத்துக்காகவும் பகுதிக்காகவும் உழைக்கிற பிள்ளைகளுக்கு, அதாவது பயிற்சியாளராகவோ நடுவராகவோ துப்புரவுப் பணிப் பொறுப்பாளராகவோ வேலை செய்கிறவர்களுக்கு, புள்ளிகள் சேரும். அதிகப் புள்ளி எடுத்தவர்களுக்குத் தலைமைத்துவ விருது. விருது என்றால் கேடயமும் சால்வையும் அல்ல, பள்ளிக் கட்டணம். பணம் நேராகப் பள்ளிக்குப் போய்விடும். கென்யாவில் மேல்நிலைப் படிப்பை நடுவில் விட்ட குடிசைப் பகுதிப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கட்டணம் கட்ட முடியாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களாக இருப்பார்கள். என் நண்பரும் அப்படி அனுப்பப்பட்டவர். சின்னப் பிள்ளைகள் அணிக்குப் பயிற்சியாளராக இருந்து சேர்த்த புள்ளியில்தான் திரும்பப் போய்ப் படித்து முடித்தார். நன்றாக ஆடுகிறவனுக்கு என்று இருந்திருந்தால் தனக்குக் கிடைத்தே இருக்காது என்பார். அவர் சுமாரான டிஃபெண்டர்.

நிர்வாகமும் கீழேயிருந்து மேலே போகிற மாதிரிதான். வட்டாரம் வட்டாரமாக லீக், அணிகளிலிருந்து வட்டாரக் குழுவுக்குத் தேர்தல். அதற்கு மேலே விளையாட்டுக்கு ஒரு மன்றம், சமூகப் பணிக்கு ஒரு மன்றம், இரண்டுக்கும் மேலே செயற்குழு. ஓட்டுப் போடும் வயது வராத பிள்ளைகள் தங்களுக்குள் தேர்தல் வைத்து, தோற்று, ஜெயித்து, அடுத்த வருடம் பதவி போய், மறுபடி நின்று பழகுகிறார்கள். வயது கூடின பையனை 12 வயது அணியில் ஆட வைத்த தகராறு, பிறப்புச் சான்றிதழே இல்லாத பையனின் வயதை எப்படி முடிவு செய்வது என்கிற தகராறு, இதெல்லாம் அவர்கள் முன்னால்தான் வரும். என் நண்பர் சொல்வார், அந்தக் கூட்டங்களில் சத்தம் போட்டு ஜெயித்ததை விட, தோற்றுவிட்டு மறுநாள் அதே ஆளோடு சேர்ந்து மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டதுதான் தனக்கு உபயோகமாக இருந்தது என்று.

பெண் பிள்ளைகள் ஆட வந்தது 1992இல். அதுவரை அது பையன்களின் சங்கமாகத்தான் இருந்தது. மைசா அணி 1990 முதல் நார்வேயில் நடக்கும் நார்வே கப் போட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே பெண் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் ஆடுவதைப் பார்த்துவிட்டு வந்து இங்கேயும் ஆரம்பித்தார்கள். சுலபமாக நடக்கவில்லை. வீட்டில் தண்ணீர் பிடிக்க, சமைக்க, தம்பி தங்கைகளைத் தூக்க ஆள் வேண்டும். மகள் பந்து உதைக்கப் போய்விட்டால் அந்த வேலையை யார் பார்ப்பது என்று அம்மாக்கள் கேட்டார்கள். அது நியாயமான கேள்விதான். வீடு வீடாகப் போய் அம்மாக்களிடம் பேசி, வீட்டு வேலை முடிகிற நேரத்துக்கு ஆட்டத்தை மாற்றி வைத்து, இருட்டுவதற்குள் வீட்டில் கொண்டுவந்து விட்டுத்தான் அணிகளைத் தேற்றியிருக்கிறார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் டோரீன் நப்வைரே. 2006இல் ஜெர்மனியில் உலகக் கோப்பை நடந்தபோது பெர்லினில் தெருக் கால்பந்துத் திருவிழா ஒன்றும் நடந்தது. அதில் கோப்பை வென்ற மைசா அணியில் அவர் இருந்தார். பிறகு ஐரோப்பாவில் தொழில்முறையாக ஆடிய முதல் கென்யப் பெண் ஆனார். ஊருக்குத் திரும்பி, பெண் பிள்ளைகளுக்கான கால்பந்துப் பணியை எடுத்துக்கொண்டார்.

அவர் பெயர் வெளியே தெரிகிறது. நோட்டோடு நின்ற அந்தப் பெண்ணின் பெயர் வெளியே தெரியப் போவதில்லை. எனக்கு இருவருமே ஒரே அளவு முக்கியம்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1990களில் எய்ட்ஸ் மதாரேயைச் சூறையாடியபோது, பிள்ளைகளே பிள்ளைகளிடம் அதைப் பற்றிப் பேசுகிற வேலையை 1994 முதல் சங்கம் எடுத்துச் செய்தது. தெருவில் பிடிபட்டுக் காவலில் அடைக்கப்பட்ட சிறுவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய், அவர்கள் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துச் சேர்த்தார்கள். 1997இல் பிள்ளைகள் கையில் மலிவான பிளாஸ்டிக் கேமராக்களைக் கொடுத்து, அவர்கள் ஊரை அவர்களே படம் எடுக்க வைத்தார்கள். 1994இல் பெரியவர்களுக்கான மதாரே யுனைடெட் கிளப் தொடங்கியது. 1998இல் நாட்டின் பெரிய கோப்பையான மோய் கோல்டன் கப்பையும், 2008இல் பிரீமியர் லீக்கையும் ஜெயித்தது. கென்ய தேசிய அணிக்குப் பயிற்சியாளராக இருந்த ஃபிரான்சிஸ் கிமான்சி இங்கிருந்து வந்தவர்தான். 1992 ரியோ புவி மாநாட்டின்போது ஐநா சுற்றுச்சூழல் அமைப்பின் குளோபல் 500 விருது, 2003, 2004 இரண்டு வருடங்களிலும் நோபல் அமைதிப் பரிசுக்கான பரிந்துரை என்று பெருமைகளும் வந்தன.

இனி, இந்தக் கதையில் என்னை உறுத்துகிற இடத்துக்கு வருகிறேன்.

குப்பை அள்ளுவது மாநகராட்சியின் வேலை. மதாரேக்காரர்களும் வரி கட்டுகிறார்கள். சோள மாவு வாங்கினாலும் போனுக்குப் பணம் போட்டாலும் ஏதோ ஒரு வரி போய்க்கொண்டுதான் இருக்கிறது. முத்தைகாவில் 12 வயதுப் பையன் வீட்டு வாசல் சாக்கடையில் இறங்குவதில்லை. அப்படியிருக்க மதாரேப் பையன் மட்டும் பந்து விளையாட வேண்டும் என்றால் ஏன் மலத்தையும் சேற்றையும் அள்ள வேண்டும்? அரசாங்கம் செய்யாததைப் பிள்ளைகள் செய்து முடித்துவிட்டால், அரசாங்கத்துக்கு அது வசதியாகத்தானே போய்விடும்?

இதை நண்பரிடமே கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. இந்தக் கேள்வி சரிதான், ஆனால் 1987இல் யாரும் வரவில்லை, 1997இலும் வரவில்லை, அதற்குள் எங்கள் தெருவில் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தன என்றார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார். சாக்கடையைத் தூர்வாரினவனுக்குத்தான் அது எங்கே அடைக்கிறது, எந்தக் கட்டடக்காரர் அதன் மேலேயே சுவர் எழுப்பியிருக்கிறார், எந்த வருடம் எந்தக் கவுன்சிலர் குழாய் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார் என்பதெல்லாம் தெரியும். அதிகாரியின் முன்னால் போய் நிற்கும்போது அவன் பேச்சில் ஓட்டை இருக்காது.

நான் இதை ஏற்கிறேன். முழுசாக அல்ல. அந்தப் பிள்ளைகளுக்குக் கையுறையும் போதுமான கம்பூட்ஸும் இல்லாததை எந்தத் தத்துவத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

ஆனால் அரசாங்கம் இதே வேலையைக் கையில் எடுத்தபோது என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2014இல் தேசிய இளைஞர் சேவை என்ற அமைப்பின் வழியாக, நைரோபியின் இன்னொரு பெரிய குடிசைப் பகுதியான கிபேராவில் ஆயிரக்கணக்கான இளைஞர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். சாக்கடை வெட்டினார்கள், கழிப்பறை கட்டினார்கள், ரோடு போட்டார்கள். பார்க்கவே நம்பிக்கையாக இருந்த திட்டம். அடுத்த வருடமே அந்த அமைப்பில் 79.1 கோடி ஷில்லிங் ஊழல் வெளியே வந்தது. 2020இல் கொரோனா சமயத்தில் காசி ம்தானி என்று ஒரு திட்டம். குடிசைப் பகுதி இளைஞர்களுக்குத் துப்புரவு வேலை, அதன் இரண்டாம் கட்டத்தில் நாளுக்கு 455 ஷில்லிங் கூலி. அந்தக் கூலி எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிய உதவியது, அதைக் குறை சொல்லவே மாட்டேன். செய்கிற வேலைக்குக் கூலி கொடுப்பதுதான் முறை. ஆனால் எந்தச் சாக்கடையை முதலில் எடுப்பது, பெயர்ப் பட்டியலில் யார் இருப்பது, கருவி யாரிடம் இருப்பது என்று எதையும் அந்த இளைஞர்கள் முடிவு செய்யவில்லை. பணம் நின்றதும் வேலையும் நின்றது. மைசாவில் கூலி இல்லை, அதிகாரம் இருந்தது. அரசுத் திட்டத்தில் கூலி இருந்தது, அதிகாரம் இல்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்று கேட்கத்தான் எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பெண்ணின் நோட்டுக்கு மாநகராட்சி கூலி கொடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்!

ஆப்பிரிக்காவின் ஜனங்களில் பாதிப் பேர் சுமார் 19 வயதுக்குக் கீழே. இதை மேடைக்கு மேடை சொல்கிறார்கள். ஆப்பிரிக்க ஒன்றியம் 2006 ஜூலையில் காம்பியாவின் பாஞ்சுல் நகரில் இளைஞர் சாசனம் என்று ஒன்றை ஏற்றுக்கொண்டது. 15 முதல் 35 வயது வரை உள்ளவர்கள் இளைஞர்கள், நாட்டின் முடிவுகளில் அவர்களுக்குப் பங்கு உண்டு என்கிறது அது. படித்துப் பார்த்தேன், நல்ல ஆவணம். நைரோபியில் இருந்தபோது இளைஞர் தலைமைத்துவ மாநாடுகளையும் பார்த்தேன். பெரிய ஹோட்டல், கழுத்தில் அடையாள அட்டை, மதியம் பஃபே, சாயங்காலம் சான்றிதழ். வந்திருந்த இளைஞர்கள் கெட்டிக்காரர்கள், அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மூன்று நாள் முடிந்து அவர்கள் ஊருக்குத் திரும்பும்போது கையில் ஒரு சான்றிதழ் இருக்கிறதே தவிர, கருவிக் கிடங்கின் சாவி இல்லை.

பொறுப்பில் இருந்து பழகியவர்கள் நெருக்கடியில் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதற்கு நண்பர் சொன்ன ஒரு சம்பவம் போதும். 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு கென்யாவில் கலவரம் வெடித்து 1,000க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கிகுயு, லுவோ என்று இனம் பிரித்து அடித்துக்கொண்டார்கள். மதாரே மோசமாக அடிபட்ட இடங்களில் ஒன்று. நண்பர் அப்போது பயிற்சியாளர். அவர் அணியில் எல்லா இனப் பிள்ளைகளும் கலந்திருந்தார்கள். வீட்டை விட்டு ஓடியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாத அந்த ஜனவரியில், அவரும் கேப்டன் பையனும் அணிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகத் தேடியிருக்கிறார்கள். யார் எந்தச் சந்தில் குடியிருந்தான், அவன் மாமா எந்தப் பக்கம் இருக்கிறார் என்பதெல்லாம் சனிக்கிழமை காலைகளில் கதவு தட்டிய வகையில் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எல்லோரையும் கண்டுபிடித்தார்கள். இரண்டு குடும்பங்கள் மதாரேக்குத் திரும்பவே இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள் என்பதை உறுதி செய்துகொண்டுதான் தேடலை நிறுத்தினார்கள்.

2024ஐயும் சொல்ல வேண்டும். ஏப்ரல் கடைசியில் பெருமழை. மதாரே ஆறு கரை தாண்டி வீடுகளை அடித்துக்கொண்டு போனது. மே மாதம் ஆற்றோரத்தைக் காலி செய்கிறோம் என்று அரசு புல்டோசர் கொண்டுவந்து மிச்சம் இருந்ததையும் இடித்தது. ஜூனில் புதிய வரி மசோதாவுக்கு எதிராக நாடு முழுக்க இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். மசோதாவை உள்ளூர் மொழிகளில் விளக்கிப் பரப்பினார்கள், அடிபட்டவர்களின் மருத்துவச் செலவுக்கு எம்பெசா என்ற மொபைல் பணச் சேவையில் பணம் திரட்டினார்கள். எங்களுக்குத் தலைவர் கிடையாது, இனம் கிடையாது, கட்சி கிடையாது என்றார்கள். ஜூன் 25இல் நாடாளுமன்றத்துக்குள் கூட்டம் நுழைந்தது, போலீஸ் சுட்டது. மறுநாள் ஜனாதிபதி மசோதாவில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அறிவித்தார். அந்த வாரங்களில் உயிர்விட்டவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள்.

மதாரேயின் கால்பந்து லீக்கிலிருந்து அந்தப் போராட்டத்துக்கு நேராக ஒரு கோடு இழுக்க நான் முயலவில்லை. அது வேறு தலைமுறை, வேறு காரணங்கள். ஆனால் அந்தப் பிள்ளைகள் வரவுசெலவுத் திட்டத்தை வரி வரியாகப் பிரித்துப் படித்து, பணம் எங்கே போகிறது என்று கேட்டதைப் பார்த்தபோது, நண்பர் சொன்ன சாக்கடைக் கணக்கு ஞாபகத்துக்கு வந்தது. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வி அது.

மதாரேக்கு இப்போது பணம் தேவைப்படுகிறது. வெளிநாட்டு உதவிகள் குறைந்துகொண்டே வருகின்றன, மதாரே யுனைடெட் கிளப்பே பணத் தட்டுப்பாட்டில் தடுமாறிப் போனது. ஆப்பிரிக்க இளைஞர்களுக்கு உதவ விரும்பும் அமைப்புகளோடு தொடர்பு உள்ள யாராவது இதைப் படித்தால் ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். தலைமைத்துவ மாநாட்டுக்கும் புத்தாக்கப் போட்டிக்கும் கொடுக்கிற பணத்தில் ஒரு பகுதியை, ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் வேலைகளின் அன்றாடச் செலவுக்குக் கொடுங்கள். நடுவருக்கு மடாட்டுக் காசு, கம்பூட்ஸ், கையுறை, மேட்டில் குவிகிற குப்பையை எடுத்துப் போகிற லாரிக்கு டீசல். லாரி வராத வாரத்தில் அந்தக் குப்பை மழையோடு அதே சாக்கடைக்குத் திரும்பி வந்துவிடுகிறது, பிள்ளைகள் மறுபடி முதலிலிருந்து அள்ளுகிறார்கள்.